தாயக்கட்டையில் ஆடிய கடல் சண்டை: மேசையில் நின்ற விதி திரையில் ஏன் நிற்கவில்லை?

பாம்பன்_பகடை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு யோசனை சொல்லுங்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் நாங்கள் ஐந்து பேர் ஆறு வருடமாக மேசை ஆர்பிஜி ஆடுகிறோம், அதாவது ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி உருட்டி ஆடும் ஆட்டம். நான் கதைசொல்லி, மற்ற நால்வரும் ஆடுகிறவர்கள். ஆரம்பித்த புதிதில் இருபது முகப் பகடை தேடி ராமநாதபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினோம். லூடோ பகடைதான் கிடைத்தது. அந்த வாரம் நண்பன் அவன் அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டையை எடுத்து வந்தான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் சண்டையெல்லாம் தாயக்கட்டையில்தான்.

விதி இப்படி. இந்த வகையில் பெயர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பிலிருந்து எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம்: ஹெச்பி (உயிர்ப் புள்ளி), கவச எண், ஒரு முறைக்கு ஒரு நகர்வும் ஒரு செயலும். அடிக்கும்போது இரண்டு கட்டைகளையும் உருட்டி, விழுந்த எண்ணோடு திறமை எண்ணைக் கூட்டுவோம். எதிரியின் கவச எண்ணைத் தொட்டால் அடி விழுந்தது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம், அதாவது இன்னொரு அடி. கதை நடப்பது பழைய காலத்து வடகடலிலும் (பாக் நீரிணைப் பக்கம்) தென்கடலிலும் (மன்னார் வளைகுடா). சங்கு குளிக்கும் தோணிகள், கீழக்கரையில் சரக்கேற்றும் மரக்கலங்கள், தீவுகளில் பதுங்கும் கொள்ளையர்கள்.

இப்போது நானும் இன்னும் இருவரும் சேர்ந்து இதை கோடோ என்ற கேம் செய்யும் மென்பொருளில் வீடியோ கேமாகச் செய்கிறோம். ஏழு மாதமாகிறது. சண்டை விதியை ஒரு வரிகூட மாற்றாமல் கோடில் எழுதினோம். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்த முசல் தீவுச் சண்டையை முதலில் செய்தோம்: தோணியில் நம் ஆட்கள் நால்வர், எதிரே கொள்ளையர் ஐந்து பேர். மேசையில் அது முக்கால் மணி நேரம் ஓடியது, ஒருவரும் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. திரையில் ஆறு நிமிடத்தில் முடிகிறது, அதுவும் பெரும்பாலும் தோல்வியில். விளையாடிப் பார்த்த நால்வரில் இருவர் சலிப்பாக இருக்கிறது என்றார்கள். ஒருவர் "கேம் ஏமாத்துது" என்றே சொல்லிவிட்டார்.

ரேண்டம் எண் வரும் இடத்தை மூன்று முறை சரிபார்த்தேன். பிழை இல்லை. விதியும் அதேதான். அப்படியென்றால் மேசையில் இருந்த எது இங்கே இல்லை?

எண்ணிப்பார்

முதலில் கட்டையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கட்டைக்கு நான்கு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டைக்கு 16 வழி. பன்னிரண்டுக்கு (இரண்டும் வெறுமை) 1 வழி, தாயத்துக்கு (ஒன்று) 2, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. இருபது முகப் பகடையில் எல்லா எண்ணும் ஒரே எடை, ஆளுக்கு 5 விழுக்காடு. உங்கள் கட்டையில் நடு எண்கள் குவிந்திருக்கின்றன, பன்னிரண்டு மட்டும் 6.25 விழுக்காட்டோடு தனியாக உயரத்தில் நிற்கிறது. இது நல்ல அமைப்பு தம்பி, யார் என்ன சொன்னாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

மறு ஆட்டம் கிடைக்கும் எண்களைக் கூட்டினால் 16இல் 6, அதாவது 37.5 விழுக்காடு. அந்த மறு ஆட்டத்திலும் மறு ஆட்டம் உண்டு என்பதால் ஒருவரின் முறைக்குச் சராசரியாக 1.6 உருட்டல் வரும். ஒரே முறையில் மூன்றோ அதற்கு மேலோ உருட்டும் வாய்ப்பு 14 விழுக்காடு.

இனி ஒரே ஒரு கேள்வி. மேசையில் கொள்ளையனுக்குத் தாயமோ பன்னிரண்டோ விழுந்தபோது அவனுக்கும் மறு ஆட்டம் கொடுத்தீர்களா?

பாம்பன்_பகடை

இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. கொடுத்ததே இல்லை. ஆறு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. அப்படிக் கொடுக்கக்கூடாது என்று எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. கட்டையை உருட்டுவேன், எண்ணைச் சொல்வேன், அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன், அவர்களில் யாரும் இதைக் கவனித்ததில்லை.

கோடில் மட்டும் உருட்டல் ஒரே ஃபங்ஷன். யார் உருட்டினாலும் அதே விதி.

எண்ணிப்பார்

அங்கேதான் இருக்கிறது. மேசையில் உங்கள் நால்வருக்கும் ஒரு சுற்றுக்கு 6.4 உருட்டல், கொள்ளையர் ஐவருக்கும் 5. ஆள் குறைவு என்றாலும் அடி உங்கள் பக்கம்தான் அதிகம். திரையில் உங்களுக்கு அதே 6.4, அவர்களுக்கு 8. தராசு அப்படியே மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இதைவிட மோசம், ஐந்து கொள்ளையரில் யாராவது ஒருவன் ஒரே முறையில் மூன்று தடவையோ அதற்கு மேலோ கை ஓங்கும் வாய்ப்பு சுற்றுக்குச் சுற்று 53 விழுக்காடு. உங்கள் ஆள் ஒன்றும் செய்ய முடியாமல் நின்ற இடத்தில் செத்திருப்பான். ஏமாற்றுகிறது என்று சொன்ன நண்பர் சரியாகத்தான் உணர்ந்திருக்கிறார்.

உச்சிப்புளிக்காரி

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், கேம் துறை இல்லை. ஆனால் பழைய நடைமுறையை கோடாக மாற்றுவதுதான் என் அன்றாட வேலை. அங்கே நாங்கள் படும் பாடு இதேதான். புத்தகத்தில் எழுதியிருப்பது ஒன்று, அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர் செய்வது வேறொன்று. அவர் செய்வதைப் பார்க்காமல் புத்தகத்தை மட்டும் கோடாக்கினால் முதல் நாளே எல்லாம் நின்றுவிடும்.

எனவே விதிப் புத்தகத்தை மூடி வையுங்கள் தம்பி. உங்களைப் பாருங்கள். அந்தச் சண்டையில் கதைசொல்லியாக நீங்கள் செய்தது எல்லாவற்றையும், சின்னது பெரியது பார்க்காமல், எழுதிப் போடுங்கள்.

பாம்பன்_பகடை

சரி அக்கா. மற்ற நால்வரையும் உட்கார வைத்து நினைவுபடுத்தி எழுதினேன்.

யாராவது விழுந்துவிட்டால் கொள்ளையன் அவனை விட்டுவிட்டு நிற்கிறவன் பக்கம் திரும்புவான். விழுந்தவனை நான் வெட்டியதே இல்லை. கொள்ளையரில் இருவர் செத்ததும் மூன்றாமவன் கண்ணில் பயம் வந்துவிட்டது என்பேன், அடுத்த சுற்றில் அவன் கடலில் குதிப்பான். கடைசிக் கொள்ளையனுக்கு 3 ஹெச்பி மிச்சம் இருந்தபோது எங்களில் ஒருத்தன் பாய்க்கயிற்றைப் பிடித்துத் தொங்கி வந்து உதைக்கிறேன் என்றான், கொள்ளையனுக்கு 2 புள்ளி அடிதான் விழுந்தது, ஆனாலும் ஆள் காலி என்று சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் 1 ஹெச்பியோடு அவனை நிற்க வைத்திருந்தால் அந்த மாலையே கெட்டிருக்கும்.

தோணியின் கட்டங்களை நாங்கள் வரைந்ததில்லை. "அவன் பக்கத்தில் இருக்கிறானா?" என்று கேட்டால், கேட்கிறவன் குரலைப் பார்த்து ஆமாம் என்பேன்.

அப்புறம், ஒருவர் முறை முடிந்து அடுத்தவர் யோசிக்கும்போது கடல் எப்படி இருக்கிறது, எதிரி என்ன கத்துகிறான் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். அந்த முக்கால் மணி நேரத்தில் பாதி அதுதான்.

கீழக்கரை_காக்கா

தம்பி, இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டாம். இந்த வகை ஆட்டம் பிறந்த நாளிலிருந்து இருக்கிறது.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோதே அதன் சண்டைக்கு வேர் வேறிடத்தில் இருந்தது. 1971இல் வந்த செயின்மெயில் என்ற போர் ஆட்டம், பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடுவது. ஆக, படைக்குப் படை மோதும் கணக்கை ஒற்றை ஆளுக்குச் சுருக்கியதே முதல் மாற்றம். நீங்கள் இப்போது செய்வது அதே வரிசையில் இன்னொன்று.

கணினிக்கு வந்தபோது இரண்டு வழியாகப் பிரிந்தது. 1988இல் பூல் ஆஃப் ரேடியன்ஸ், கட்டம் போட்டு முறை வைத்து ஆடுவது. 1998இல் பால்டர்ஸ் கேட், எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உலகம் நிற்கும், கட்டளை கொடுத்துவிட்டு மறுபடி தட்டலாம். புத்தகத்தில் அன்றைய பதிப்புக்கு ஒரு சுற்று என்றால் ஒரு நிமிடம். கேமில் அதை ஆறு விநாடி ஆக்கினார்கள். பெயர் அதேதான், அடி விழ எவ்வளவு உருட்ட வேண்டும் என்று சொல்லும் தாக்கோ எண்ணும் அதேதான், ஆனால் விதியின் மூச்சு மாறிவிட்டது. 2003இல் டெம்பிள் ஆஃப் எலிமெண்டல் ஈவில் நேர் எதிராகப் போய் 3.5 பதிப்பைக் கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து முறை வைத்துக் கொண்டுவந்தது.

நான் பால்டர்ஸ் கேட் பக்கம். கடல் சண்டைக்கு அதுவே பொருந்தும் என்பது என் எண்ணம். கடல் யாருக்கும் முறை கொடுத்துக் காத்திருக்காது. நீங்கள் உருட்டுவதை உள்ளே மறைத்துவிட்டு, தோணியை ஓடவிட்டு, நிறுத்தி நிறுத்திக் கட்டளை கொடுக்கும்படி செய்து பாருங்கள். ஆறு நிமிடம் என்பது அப்போது குறையாகத் தெரியாது.

உச்சிப்புளிக்காரி

காக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இந்த விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. தாயக்கட்டையை உள்ளே மறைத்தால் இந்தக் கேமில் மிச்சம் என்ன இருக்கிறது? கட்டை உருளும் அந்த ஒரு நொடிக்காகத்தான் நால்வரும் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். ரியல் டைமில் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் உருட்டினால் ஒருவர் கட்டையையும் பார்க்க முடியாது.

பாத்ஃபைண்டர் கிங்மேக்கர் என்ற கேம் 2018இல் நீங்கள் சொல்லும் நிறுத்தி ஆடும் முறையில்தான் வந்தது. ஆடியவர்களே முறை வைத்து ஆடும் மாட் ஒன்றை, அதாவது கேமை மாற்றும் ஒட்டு ஒன்றை, செய்துகொண்டார்கள். 2020இல் நிறுவனமே அதை அதிகாரப்பூர்வமாகச் சேர்த்தது. விதியில் நுணுக்கம் இருக்கிற இடத்தில் ஆடுகிறவர் அந்த நுணுக்கத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறார்.

கொள்ளையன் குதித்து ஓடியது பற்றி: அதற்குப் பழைய விதி இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் ஒவ்வொரு எதிரிக்கும் மனத்திட எண் உண்டு. தங்கள் பக்கம் முதல் ஆள் சாகும்போதும், பாதிப் பேர் விழும்போதும் இரண்டு ஆறுமுகப் பகடை உருட்டுவார்கள். மனத்திட எண்ணைத் தாண்டினால் ஓட்டம். ஐந்தாம் பதிப்பை எலும்புக்கூடாக எடுத்தபோது அது உங்கள் கையில் வரவில்லை, ஆனால் நீங்கள் மனக்கணக்கில் அதையே செய்துவந்திருக்கிறீர்கள். அதை எழுதிவிட்டால் சண்டை கடைசி 1 ஹெச்பி வரை இழுக்காது.

மண்டபம்_மாலை

நான் விளையாடுகிறவன் மட்டும். கடலுக்குப் போகாத நாளில் வலையைச் சீர் செய்துவிட்டு நிழலில் உட்கார்ந்து போனில் ஆடுவேன். ஆட எனக்கு ஒரு கையின் கட்டைவிரல்தான் கிடைக்கும். நிறுத்தி ஓடவிடும் கேம் போனில் கஷ்டம் காக்கா, விரல் மறைக்கும். முறை வைத்து ஆடினால் யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டுப் போகலாம். சண்டை நடுவில் சேவ் ஆக வேண்டும், இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நெட் இல்லாமலும் ஓட வேண்டும்.

கீழக்கரை_காக்கா

போன் என்பதை நான் யோசிக்கவே இல்லை. சரி, முறை வைத்தே போகட்டும். ஆனால் கடல் காத்திருக்காது என்று சொன்னதை விடமாட்டேன், அதற்கு ஒரு வழி வேண்டும்.

எண்ணிப்பார்

தவறும் அடியைப் பற்றிப் பேசவேண்டும். திறமை 3, கவசம் 6 என்று வையுங்கள். கட்டையில் மூன்றோ மேலோ வேண்டும், 16இல் 11, கிட்டத்தட்ட 69 விழுக்காடு. மேசையில் ஒருவர் ஒரு மாலைக்குப் பத்து முறை அடிப்பார். தொடர்ந்து மூன்று தவறுவது அவருக்கு எப்போதாவது நடக்கும், நடந்தால் மற்ற மூவரும் தோளைத் தட்டுவார்கள். திரையில் ஒரே ஆள் நான்கு பேரையும் நடத்துகிறார். ஒரு மாலைக்கு 200 அடி என்றால் மூன்று தவறுகள் தொடராக வருவது சராசரி நான்கு முறை. வாய்ப்பு மாறவில்லை, எல்லாத் துரதிர்ஷ்டமும் ஒரே மனிதர் தலையில் இறங்குகிறது.

பெரிய நிறுவனங்கள் இதைச் சத்தமில்லாமல் சரிசெய்கின்றன. ஃபயர் எம்பளம் என்ற கேம் வரிசையில் 2002இல் வந்த பாகம் இரண்டு ரேண்டம் எண்களின் சராசரியை எடுத்தது. திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் 98க்குச் சற்று மேல், 10 என்று காட்டினால் 2தான். மூன்றாம் பால்டர்ஸ் கேட்டில் கார்மிக் டைஸ் என்று ஒரு தேர்வு இருக்கிறது, தொடர் தோல்வியை உடைக்கும். நீங்களும் இரண்டு தவறலுக்குப் பிறகு கட்டையைக் கொஞ்சம் சாய்த்துவிடலாம்.

உச்சிப்புளிக்காரி

வேண்டாம். கார்மிக் டைஸையாவது அமைப்புகளில் வைத்திருக்கிறார்கள், ஆடுகிறவர் பார்த்து அணைக்கலாம். மறைத்துச் சாய்ப்பது வேறு. பித்தளைக் கட்டை எல்லோர் கண் முன்னாலும் உருளும் பொருள். அது பொய் சொல்லாது என்ற நம்பிக்கையில்தான் வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து தாயம் ஆடுகிறோம். அந்த நம்பிக்கையைக் கேம் உடைக்கக்கூடாது.

தவறலை மென்மையாக்க வெளிப்படையான வழி இருக்கிறது. பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி என்ற கேம் (2015) நூறு முகத்தில் 15 வரை முழுத் தவறு, 16 முதல் 50 வரை உரசல், பாதி அடி என்று வைத்தது. ஆடுகிறவருக்கு எல்லாம் தெரிந்தே நடக்கிறது.

எண்ணிப்பார்

இதைக் கட்டையில் போட்டுப் பார்த்தேன், அழகாக உட்காருகிறது. ஒரே எண்ணில் தவறினால் உரசல், பாதி அடி என்று வைப்போம். மேலே சொன்ன அதே கவசம் 6. இரண்டு விழுந்தால் உரசல். முழுத் தவறு தாயத்துக்கு மட்டும். ஆனால் தாயத்துக்குத்தான் மறு ஆட்டம் உண்டே! ஆக, யாருடைய முறையும் வெறுங்கையோடு முடியாது. கவசம் 7 ஆனால் மூன்றுக்கு உரசல், இரண்டும் தாயமும் தவறு, அப்போது 31 விழுக்காடு முழுத் தவறு, அதிலும் தாயத்துக்கு இரண்டாம் வாய்ப்பு. சாய்ப்பு யோசனையை வாபஸ் வாங்குகிறேன். இந்தக் கட்டையைச் செய்த முன்னோருக்கு என் வணக்கம்.

தொண்டி_பாய்மரம்

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடல் சண்டை என்கிறீர்கள், ஆனால் காற்றைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. தம்பி, உங்கள் விதியில் காற்றுக்கு என்ன இருக்கிறது?

பாம்பன்_பகடை

அண்ணே, காற்றுக்கு மேல்பக்கம் நிற்கும் தோணிக்கு இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். ஐந்தாம் பதிப்பின் அட்வாண்டேஜ்தான். மூன்றாம் பால்டர்ஸ் கேட்டில் உயரத்தில் நிற்பவருக்குச் சலுகை கொடுத்ததைப் பார்த்துச் செய்தது.

எண்ணிப்பார்

அந்த உதாரணத்தையே முழுதாகப் பாருங்கள். 2020இல் முன்னோட்டமாக வந்தபோது உயரத்துக்கு அட்வாண்டேஜ் இருந்தது. எல்லோரும் எப்போதும் ஏணி தேடி ஓடினார்கள், மற்ற தந்திரமெல்லாம் வீணாயிற்று. 2023 முழு வெளியீட்டுக்குள் அது வெறும் +2 ஆகிவிட்டது. இருபது முகத்தில் 11 வேண்டும் என்றால் அட்வாண்டேஜ் 50ஐ 75 ஆக்கும், +2 வெறும் 60 ஆக்கும்.

தொண்டி_பாய்மரம்

இரண்டுமே தப்பு என்பேன். காற்று யார் கையையும் குறி பார்க்க வைக்காது. காற்று செய்வது வேறு.

காற்றுக்கு மேலே இருக்கிற படகு எப்போது நெருங்குவது என்று அதுவே முடிவு செய்யும். கீழே இருக்கிற படகு நெருங்க வேண்டுமானால் ஓடி ஓடித் திரும்பி ஏற வேண்டும். அதனால் சலுகையை உருட்டலில் வைக்காதீர்கள், நகர்வில் வையுங்கள். மேல்காற்றுப் படகுக்கு இரட்டை நகர்வு, கீழ்க்காற்றுப் படகு நேராக ஏற முடியாது, குறுக்கே மட்டும்.

அடுத்தது இதைவிட முக்கியம். எங்கள் பக்கம் பாய்மரப் படகுப் போட்டி பார்த்திருப்பீர்கள். காற்று ஏறினால் படகு சாயும், ஆட்கள் வெளியே நீண்ட பலகையில் ஏறி எடை கொடுப்பார்கள். எத்தனை பேர் பலகையில் இருக்கிறார்களோ அந்த அளவுக்குப் பாய் விரிக்கலாம், அந்த அளவுக்கு ஓட்டம். பலகையில் எடை கொடுப்பவன் வாள் வீச முடியாது. உங்களிடம் நால்வர் இருக்கிறார்கள். இருவரைப் பலகைக்கு அனுப்பினால் படகு பறக்கும், ஆனால் அடிக்க இருவர்தான். நால்வரும் அடிக்க வந்தால் பாயைச் சுருக்கணும், எதிரி சுற்றி வருவான். இது ஒவ்வொரு சுற்றிலும் எடுக்க வேண்டிய முடிவு. கீழக்கரை அண்ணன் கேட்ட காத்திருக்காத கடலும் இதில் வந்துவிடும்.

பருவமும் சேருங்கள். ஐப்பசியிலிருந்து தை வரை வாடை, வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். வைகாசிக்கு மேல் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று, தென்கடல் முறுக்கும், வடகடல் குளம்போல் இருக்கும். ஒரே சண்டையை இரண்டு பருவத்தில் ஆடினால் இரண்டு சண்டை. தீவுப் பக்கம் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு இருக்கிறது, அதில் தட்டினால் கவச எண்ணெல்லாம் பயன்படாது, பலகை பிளந்துவிடும்.

கீழக்கரை_காக்கா

மாஷா அல்லாஹ், இதுதான் நான் தேடியது. இருபத்தைந்து வருடமாக கேம் ஆடுகிறேன், பலகையில் எடை கொடுப்பதை விதியாக வைத்த ஒரு கேம் பார்த்ததில்லை.

உச்சிப்புளிக்காரி

அண்ணன் சொன்ன பலகை இன்னொரு குறையையும் தீர்க்கும். பாம்பன் தம்பியின் பட்டியலில் கயிற்றில் தொங்கி வந்து உதைத்த நண்பரைக் கவனித்தீர்களா? மேசையில் ஒருவரும் "அடிக்கிறேன்" என்று மட்டும் சொல்வதில்லை. கயிற்றை அறுக்கிறேன், தண்ணீரில் தள்ளுகிறேன், பாயைச் சாய்க்கிறேன் என்பார்கள். திரையில் ஒரே ஒரு "தாக்கு" பொத்தான் இருந்தால் சலிக்கத்தான் செய்யும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதியில் ஒருவரைத் தள்ளுவதற்கு உங்கள் அடியை விட்டுக்கொடுக்க வேண்டும், அதனால் பலர் தள்ளுவதே இல்லை. மூன்றாம் பால்டர்ஸ் கேட் அதைத் துணைச் செயலாக்கியது, அடித்துவிட்டும் தள்ளலாம். அப்புறம் பாருங்கள், மலை விளிம்பெல்லாம் ஆட்டக்களம் ஆகிவிட்டது. உங்களுக்கு நான்கு பக்கமும் கடல். தள்ளுவதைத் துணைச் செயலாக வையுங்கள்.

விலகிப் போகிற எதிரியை முறை இல்லாதபோதும் அடிக்கும் இடைமறிப்புத் தாக்குதலுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் "அடிக்கவா?" என்று பெட்டி திறக்க வேண்டாம். சொலாஸ்டா என்ற கேம் (2021) விதிக்கு உண்மையாக இருக்க அப்படிக் கேட்டது, பெரிய திரையில் பரவாயில்லை, போனில் எரிச்சலாகும். ஆளுக்கு ஆள் முன்கூட்டியே "தானாக" அல்லது "கேள்" என்று குறித்துவைக்கும்படி விடுங்கள்.

இரவுவிளக்கு

ஒரு சின்னத் தகவல். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஜனவரி 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. உரிய குறிப்போடு வணிகக் கேமிலும் பயன்படுத்தலாம். தாயக்கட்டை யாருடைய சொத்தும் இல்லை. கேமின் பெயரில் மட்டும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று போட்டுவிடாதீர்கள்.

பாம்பன்_பகடை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், செய்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

எதிரிக்கு மறு ஆட்டத்தை எடுத்துவிட்டோம், தலைவன் ஒருவனைத் தவிர. அவனுக்கு மறு ஆட்டம் உண்டு என்று அவன் தலைக்கு மேலேயே கட்டைச் சின்னம் போட்டுக் காட்டுகிறோம். உரசல் சேர்த்தோம். மனத்திடம் சேர்த்தோம், அதையும் கட்டையிலேயே உருட்டுகிறோம். காற்றுச் சலுகையை உருட்டலிலிருந்து எடுத்து நகர்வில் வைத்தோம். பலகை வந்துவிட்டது. தள்ளுவது துணைச் செயல். மண்டபம் அண்ணன் கேட்டபடி ஒவ்வொரு உருட்டலுக்குப் பிறகும் சேவ் ஆகிறது, நெட் தேவையில்லை.

விழுந்தவனைக் கொள்ளையன் வெட்டக்கூடாது என்பதை விதியாக எழுதும்போதுதான் கஷ்டமாக இருந்தது. எழுதிவிட்டால் ஆடுகிறவர் அதை நம்பி ஆளை வேண்டுமென்றே விழவிடுவார். கடைசியில், விழுந்தவன் தோணிக்குள் இருந்தால் தொடமாட்டான், கடலில் விழுந்தால் மூன்று சுற்றுக்குள் யாராவது கயிறு போட்டு இழுக்க வேண்டும் என்று வைத்தோம். எல்லாம் மேசையில் நான் செய்ததுதான், எனக்கே தெரியாமல் செய்தது.

ஏழு பேர் ஆடிப் பார்த்தார்கள். முசல் தீவுச் சண்டை இப்போது பதினைந்து நிமிடம் போகிறது. ஏமாற்றுகிறது என்று சொன்ன நண்பர் மூன்று முறை தொடர்ந்து ஆடினார். நடுவில் ஒருமுறை பன்னிரண்டு விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. முறைக்கும் முறைக்கும் நடுவில் நான் பேசிக்கொண்டிருந்த பேச்சு. வசனம் எழுதிச் சேர்த்தோம், இரண்டாம் முறை கேட்கும்போதே பழசாகிவிடுகிறது. அதற்குப் பதில் இப்போதைக்கு ஒலியை வைத்திருக்கிறோம். நண்பனின் அப்பத்தா கட்டையை உள்ளங்கையில் உரசி சிமெண்ட் தரையில் போட்ட ஓசையைப் பதிவு செய்தோம், இருபது முறை. எதிரி உருட்டும்போது அதே கட்டை மரத்தளத்தில் விழும் ஓசை. கண்ணை மூடினாலும் யார் முறை என்று தெரிகிறது. பேச்சுக்கு இது ஈடாகாது, யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்த களம் பாம்பன் கால்வாய். பாலமெல்லாம் இல்லாத காலம். தொண்டி அண்ணே, அங்கே நீரோட்டத்தை எப்படி விதியாக்குவது?

தொண்டி_பாய்மரம்

நீரோட்டம் காற்று மாதிரி இல்லை தம்பி. காற்று பாயைத்தான் பிடிக்கும், பாயைச் சுருக்கினால் விட்டுவிடும். நீரோட்டம் படகின் அடியைப் பிடிக்கும், பலகையில் எத்தனை பேர் இருந்தாலும் கவலைப்படாது. இரண்டு படகையும் ஒரே பக்கம் இழுக்கும், அதனால் சண்டை நடந்துகொண்டே களம் நகர வேண்டும். பருவம் மாறினால் இழுக்கும் திசையும் மாறும். எழுத்தில் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

வரும் ஞாயிறு காலை பாம்பனுக்கு ஒரு வேலையாக வருகிறேன். பாலத்துக்குக் கீழே நின்று பார்த்தால் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். உங்கள் மூவரையும் வரச் சொல்லுங்கள். கட்டையையும் கொண்டுவாருங்கள், அங்கேயே உருட்டிப் பார்த்துவிடலாம்.